18 நாள் பாரதத்தில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

"எங்க ஊர் தர்மராஜா கோவில்ல வருஷம் தவறாம 18 நாள் மகாபாரத விழா. அதே கதை, அதே பாட்டு, அதே படுகளம். இந்த வருஷம் நாளைக் குறைச்சு, கூத்தை மூணு மணி நேரத்துல முடிச்சு, எல்.இ.டி. திரையும் புது வசனமும் வைக்கலாம்னு இளைஞர்கள் சொல்றோம். பெரியவங்க மரபைத் தொடாதேங்கிறாங்க. திரும்பத் திரும்பச் செய்யறதுதான் மரபா? மாத்தினா தெய்வக் குத்தமா?" என்று காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

மேலுக்கு இது திரை, விளக்கு, நேரம் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு. ஒன்றைப் பல தலைமுறை அப்படியே செய்துவந்தால், அதற்குள் இன்று பிறந்தவனுக்குச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் அவர் கேட்பது. அதற்கு என் பதில்: இந்த விழாவில் மாறாத இடங்கள் சில உண்டு, அவை நினைப்பதைவிடக் குறைவு. மற்றதெல்லாம் மாறிக்கொண்டே வந்ததுதான். ஆனால் அந்தச் சில இடங்கள் எவை என்று தெரியாமல் கத்தரிக்கோல் வைத்தால் விழா கையிலேயே பிரிந்துவிடும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. ஊர் கூடி உட்கார்ந்து பாரதம் கேட்பது தமிழ்நாட்டில் மிகப் பழையது. காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்திலேயே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று பங்கு ஒதுக்கியதைச் சொல்கிறது. இன்று நம் கோவில்களில் பாரதம் படித்துக் கதை சொல்லும் பிரசங்கியார் படிப்பது பெரும்பாலும் வில்லிபுத்தூரார் பாரதம். அது 15ஆம் நூற்றாண்டு நூல், 10 பருவம், 4300-க்கும் மேற்பட்ட பாட்டு. பதினெட்டாம் நாள் போர் முடிந்த கையோடு வில்லி நிறுத்திவிடுகிறார். நம் விழாவும் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. மீதிப் பருவங்களையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர்கள் 18ஆம் நூற்றாண்டு நல்லாப்பிள்ளை பாரதத்துக்குப் போவார்கள். அது ஏறத்தாழ 14,000 பாட்டு. இவ்வளவும் ஆதாரம் உள்ளவை. "ஐயாயிரம் வருஷமா ஒரு எழுத்து மாறாம நடக்குது" என்று மேடையில் சொல்வதற்கு அப்படி ஆதாரம் கிடையாது. கூரம் செப்பேடு பாரதம் படித்ததற்குத்தான் சாட்சி. கூத்துக்கும் தீமிதிக்கும் அதைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

நீங்கள் 'அதே கதை' என்று சொல்வதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் களத்தில் ஆடப்படும் கதை வியாசர் சொன்ன கதையில்லை. அர்ச்சுனன் மணக்கும் அல்லி அரசாணி வியாசரிடம் கிடையாது. அங்கே அர்ச்சுனன் மகன் இராவான் போரின் எட்டாம் நாள் அலம்புசன் கையால் சாகிறான். நம் அரவானோ போர் தொடங்கும் முன்பே காளிக்குத் தன்னைக் களப்பலியாகக் கொடுக்கிறான். துரியோதனன் தொடையைப் பிளப்பேன் என்ற பீமன் சபதம் வியாசரிடம் உண்டு. அந்த ரத்தம் தொட்டுத்தான் கூந்தலை முடிவேன் என்று திரௌபதி விரித்த தலையோடு நிற்பது நம் பக்கத்துக் களங்களில்தான் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. நம் விழாவின் உச்சமே அதுதானே! செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி கோவில்களில் அம்மனுக்குக் காவலாகப் போத்துராஜாவோடு முத்தாலு ராவுத்தரும் நிற்கிறார். இஸ்லாமியர் ஒருவர் பாரதக் கோவிலுக்குக் காவல்தெய்வமாக வந்தது எந்தப் பழைய ஏட்டிலும் இருந்திருக்க முடியாது. இவையெல்லாம் ஒரு காலத்தில் யாரோ புதிதாகச் சேர்த்தவை. மேலிருந்து உத்தரவு வந்து சேர்ந்தவையும் இல்லை. வருஷா வருஷம் ஒன்றையே செய்தவர்களின் கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வந்தவை.

இதற்கு நம் மாவட்டங்களிலேயே இன்னொரு சாட்சி உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களுக்குப் போனால் நடுகற்களை வரிசையாகப் பார்க்கலாம். தொல்காப்பியம் கல் நடுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலை சொல்கிறது. எழுத்தும் அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும்: இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனையாவது, இன்னாருடைய சேவகன், இன்ன ஊர்த் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான், கல். உருவமும் அப்படியே. கையில் வில்லும் வாளும், பாயும் கால். நூற்றாண்டுக் கணக்கில் இதே வாசகம், இதே நிலை. தருமபுரிக்குக் கிழக்கே, செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதிலும் அதே வாசகம்தான். ஆனால் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்து, அது இரண்டு கள்ளரைக் கடித்து நின்ற சேதியையும் எழுதிவிட்டான் அந்தத் தச்சன். வாசகம் முழுக்க மாறாமல் இருந்ததால்தான் அந்த நாய் ஏறத்தாழ 1400 வருஷம் கழித்தும் நம் கண்ணில் தனியாகத் தெரிகிறது. எல்லாக் கல்லும் ஒவ்வொரு மாதிரி இருந்திருந்தால் அது ஒரு நாய், அவ்வளவுதான்.

இனி உங்கள் விழாவுக்கு வருவோம். 18 நாளில் மூன்று வேலை ஒன்றோடொன்று பின்னி நடக்கிறது. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் தொடங்கி வெயில் தாழும் வரை பிரசங்கம். ராத்திரி கூத்து; பல ஊர்களில் இது முதல் நாளே தொடங்காது, கடைசி எட்டு அல்லது பத்து ராத்திரிதான். மூன்றாவது, கோவில் பூசாரி கையில் இருக்கும் களச்சடங்கு: காப்புக் கட்டு, கரகம், தபசு மரம், படுகளம், கூந்தல் முடிப்பு, தீமிதி, மறுநாள் தருமர் பட்டாபிஷேகம். இந்த மூன்றும் சில இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன. நான் மாறாத இடம் என்றது அந்தக் கணுக்களைத்தான். கரும்பைக் கணுவுக்குக் கணு நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், கணுவில் வெட்டினால் முளைக்காது. அந்த மாதிரி.

சூது துகிலுரிதல் ஒரு கணு. திரௌபதி சபதம் போடுவது அன்றைய ராத்திரிக் கூத்தில். அந்தக் கூத்தை விட்டுவிட்டால் கடைசி நாள் கூந்தல் முடிப்புக்குக் காரணமே இருக்காது. பல களங்களில் துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்தி, அம்மனுக்குச் சூடம் ஏற்றி, மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவார். அந்த ஒரு நிமிஷம் எந்தக் கூத்து நோட்டிலும் எழுதியிருக்காது. நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று குழு முதலில் விடுவதும் அதைத்தான், கவனமாக இருங்கள்.

அர்ச்சுனன் தபசு இன்னொரு கணு. ஆடிக்கொண்டிருக்கும் வேஷக்காரரே மரம் ஏறுகிறார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு ஈரச்சேலையோடு கீழே பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். இங்கே மரபைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மின்கம்பம் நடும்போதே நீளத்தில் ஆறில் ஒரு பங்கைப் பூமிக்குள் இறக்குவார்கள். 50 அடிப் பனைமரம் என்றால் எட்டரை அடிக்குக் குறையாத குழி வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் மண்ணை மறுபடி இடித்து, நான்கு பக்கமும் இழுகயிறு கட்டுங்கள். போன வருஷத்து மரத்தையே பயன்படுத்துகிறீர்கள் என்றால் அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தல் சத்தம் கேட்டால் அந்த மரம் வேண்டாம். ஏறுகிறவர் இடுப்பில் கச்சைக்கு உள்ளே பாதுகாப்புக் கயிறு கட்டுவதை எந்தப் பெரியவரும் மரபுக்கு விரோதம் என்று சொல்ல மாட்டார். சொன்னாலும் கட்டுங்கள்.

படுகளம்தான் எல்லாவற்றிலும் பெரிய கணு. ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிவிட்டு, விடிந்ததும் பீமனும் துரியோதனனும் மேடையிலிருந்து இறங்கி, களத்தில் படுத்த நிலையில் செய்து வைத்த துரியோதனன் மண்ணுருவத்துக்குப் போகிறார்கள். கூத்தை ராத்திரி பத்து மணிக்கே முடித்துவிட்டால், காலையில் வேஷம் கலைந்த இரண்டு பேரை மறுபடி முகம் எழுதிக் கூட்டிவர வேண்டும். பார்க்கிறவனுக்கு அது தனி நிகழ்ச்சியாகத்தான் தெரியும். ராத்திரிக் கண்விழிப்பும் விடிகாலைக் குளிரும் சேர்ந்துதான் ஊரே அழுகிறது. மண்ணுருவத்தைப் பற்றி: 60 அடி நீளம், இடத்துக்கு இடம் ஏழெட்டு அடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்தால் டிராக்டரில் ஒன்பது பத்து லோடு மண் பிடிக்கும். ஒரே நாளில் சேறு குழைத்துக் கொட்டினால் மார்பு சரியும், முகம் வெடிக்கும். அரையடி அரையடியாகப் போட்டு மிதித்து ஏற்றி, முகத்துக்கு மட்டும் கடைசியில் வைக்கோல் கலந்த களிமண் பூச வேண்டும். தொடையில் குங்குமம் கரைத்த கலயத்தைப் புதைக்கும் ஆழம்தான் பலர் தவறும் இடம். மேலே நான்கு விரற்கடை மண் போதும். ஒரு முழம் போட்டால் பீமன் எத்தனை அடி அடித்தாலும் உடையாது. மண்ணே போடாமல் விட்டால் துரியோதனன் உருவத்தின் மேல் ஓடும்போது கால் பட்டு முன்னாலேயே உடைந்துவிடும். அந்தச் சிவப்பைத் தொட்டு அம்மன் கூந்தலில் வைத்து முடிந்து பூச்சூட்டுகிறார்கள். அதுவரைக்கும் விரிந்தே கிடந்த கூந்தல். பிறகு உருவத்தின் மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி ஊர்ப் பெண்கள் குதிருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் கொண்டுபோவார்கள். உருவத்துக்கு என்ன வண்ணம் அடிக்கிறீர்கள், மீசை எப்படி வைக்கிறீர்கள் என்பதெல்லாம் உங்கள் ஊர்ப் பையன்களின் இஷ்டம். சிமெண்டில் நிரந்தரமாகக் கட்டிவிடலாம் என்ற யோசனையை மட்டும் தள்ளுங்கள். அள்ளிப் போக மண் இருக்காது.

கூத்துக்குள் புதுமைக்கு இடம் எங்கே என்பதற்கு ஒரு திரை வருகையைக் கவனித்தால் போதும். மிருதங்கம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் சேர்ந்து தொடக்க இசையாகக் களரி கட்டி, விநாயகர் துதி முடிந்து, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து ஊரைக் கும்பிட்டாயிற்று. இரண்டு பேர் ஒரு வேட்டியைக் குறுக்கே பிடிக்கிறார்கள். அதற்குப் பின்னால் துரியோதனன். முதலில் காலும் சலங்கையும்தான் தெரியும். உள்ளிருந்தே விருத்தம் பாடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை எடுத்துத் தருகிறார்கள். திரைக்கு மேலே கிரீடம் ஒரு தடவை ஏறி இறங்குகிறது. அப்புறம் தரு என்ற தாளப் பாட்டு, திரை விலகுகிறது, கிறிக்கி அடித்து, அதாவது வேகமாகச் சுழன்று, களத்தைச் சுற்றி வருகிறார். இவ்வளவும் வாத்தியார் வாத்தியாராக வந்தது. ராகமோ தாளமோ மாறினால் பின்பாட்டு தடுக்கும், மிருதங்கம் தடுக்கும், ஆட்டம் நின்றுவிடும். அதனால் அது மாறாது. அடுத்த நொடி கட்டியங்காரன் வாயைத் திறக்கிறான்: "மகராசா, இவ்வளவு நகை போட்டுக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க? பாலக்கோடு மார்க்கெட்ல தக்காளி போட்ட காசா?" இது நேற்று எந்த ஊரிலும் இல்லை, நாளை இன்னோர் ஊரில் இருக்காது. மகாராஜாவும் அதற்கு அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். விருத்தமும் தருவும் கல், வசனம் தண்ணீர். புது வசனம் வேண்டும் என்று கேட்கிறீர்களே, கட்டியங்காரன் ஒவ்வொரு ராத்திரியும் அதைத்தான் செய்கிறான். மாங்கூழ் ஆலை கொடுத்த விலை, வராத தண்ணீர், மாப்பிள்ளை கேட்கும் கார், எல்லாம் அவன் வாய்க்குள் அடங்கும். யாருடைய சாதியையும் தொடாமலும், பெண்களைப் பார்த்துக் கொச்சையாகப் பேசாமலும் இருக்க வேண்டும் என்று குழுவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய வசனத்தில் இருந்தது என்பதற்காக அதைச் சுமக்க வேண்டியதில்லை.

மூன்று மணி நேரக் கூத்து கேட்டால் என்ன நடக்கும் தெரியுமா? குழு முதலில் விருத்தத்தை விடும், அது மெதுவாகப் போவதால். அடுத்துத் திரை வருகையைச் சுருக்கும். கைதட்டும் அன்பளிப்பும் விழுவது நகைச்சுவைக்கு என்பதால் அது மட்டும் நீளும். கடைசியில் உங்கள் ஊர் பார்ப்பது கூத்தின் தோல். அதனால் ஒவ்வொரு ராத்திரியையும் குறுக்குவதைவிட ராத்திரிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. பத்து, பன்னிரண்டு நாளில் பாரதம் முடிக்கும் ஊர்கள் உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆறு ராத்திரி முடியும் என்றால் என் தேர்வு: வில் வளைப்பு, சூது துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கர்ண மோட்சத்துக்குப் பதில் அபிமன்யுவை வைத்தாலும் தப்பில்லை. உங்கள் ஊரில் அரவான் தலைக்குத் தனிச் சடங்கு இருந்தால் களப்பலியை விடவே கூடாது. அல்லி, சுபத்திரை கல்யாணம், மாடுபிடிச் சண்டை எல்லாம் ரசமானவைதான். ஆனால் அவற்றில் களச்சடங்கு எதுவும் தொங்கவில்லை. இவற்றைப் பிரசங்கத்திலேயே சொல்லிக் கடக்கலாம்.

விளக்கும் ஒலியும் மரபில் சேராதவை. தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது, அது போய்க் குழல்விளக்கு வந்தது. வெள்ளை எல்.இ.டி. மட்டும் முகத்தை நேராக அடிக்க வேண்டாம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் மஞ்சள் வெளிச்சத்தில் அசைந்து மின்னச் செய்யப்பட்டவை. வெள்ளை வெளிச்சத்தில் கண்ணாடி கூசும், முகத்தின் சிவப்பு வெளிறும். பத்தடி உயரத்தில் இரண்டு பக்கமும் சாய்வாக மஞ்சள் விளக்கு வைத்தால் சரியாக இருக்கும். பின்னால் திரையில் அரண்மனைப் படம் ஓடவிட்டால் எல்லாக் கண்ணும் அங்கேதான் போகும், ஆடுகிறவர் நிழலாகிவிடுவார். அந்தத் திரையை மத்தியானப் பிரசங்கத்துக்குக் கொடுங்கள். பிரசங்கியார் படிக்கும் வில்லி பாட்டைப் பெரிய எழுத்தில் காட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடவே படிப்பார்கள். நான் பார்க்க விரும்பும் புதுமை அதுதான்.

மைக்கைப் பொறுத்தவரை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. கோவில், கலை விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை அரசு விலக்குத் தரலாம். அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல். 12 மணிக்கு மேல் மைக்கை அணைத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். தொங்கும் மைக்குக்கு அடியிலேயே நின்று பாடிப் பழகிய ஆட்டக்காரர் களத்தைச் சுற்ற ஆரம்பிப்பார். கூட்டம் தானாக நெருங்கி உட்காரும். அன்பளிப்பு அறிவிப்பையும் நடுநடுவே சொருகாமல், ஒரு வேஷம் உள்ளே போய் அடுத்த திரை பிடிக்கும் இடைவெளியில் சேர்த்து வாசியுங்கள். துகிலுரிதலின் நடுவே ஐந்நூறு ரூபாய்க்கு நன்றி சொல்வது எல்.இ.டி. திரையைவிடப் பெரிய கெடுதல்.

தெய்வக் குற்றமா என்ற கேள்வியில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது நம்புகிறவர்களின் விஷயம். நாள் கணக்கு, யார் வீட்டிலிருந்து தாலி வரும், கரகம் எந்தத் தெருவில் முதலில் நிற்கும், காப்பு யாருக்குக் கட்டுவது என்பவையும் ஊருக்கு ஊர் வேறு; கிருஷ்ணகிரிக்கு வடக்கே தெலுங்கு பேசும் ஊர்களின் வழக்கு உங்கள் ஊருக்குப் பொருந்தாது, தருமபுரிப் பக்கத்து வழக்கும் அப்படித்தான். வெளியிலிருந்து யாரும், நான் உட்பட, இவற்றில் இதுதான் சரி என்று சொன்னால் நம்பாதீர்கள். பெரியவர்களுக்கு மனம் ஆறவில்லை என்றால் அதற்கும் ஊரில் வழி இருக்கிறது: சந்நிதியில் பூவாக்குக் கேளுங்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டி ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வதும் மரபுதான். மாற்றத்துக்கு அம்மனிடம் அனுமதி கேட்கும் ஏற்பாட்டையும் அந்த மரபே வைத்திருக்கிறது. ஆனால் மரத்துக்கு இழுகயிறு கட்டலாமா என்றெல்லாம் பூக்கட்டிக் கேட்கக் கூடாது.

கமிட்டி கூடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பூசாரி, பிரசங்கியார், கூத்து வாத்தியார் மூன்று பேரையும் ஒரே நாளில் ஒரே திண்ணையில் உட்காரவைத்து, 18 நாளுக்கும் கட்டம் போட்டு, எந்த நாளில் யார் வேலை யார் வேலையைத் தொடுகிறது என்று எழுதி வாங்குங்கள். பல ஊர்களில் இவர்கள் தனித்தனியாகத்தான் அழைக்கப்படுகிறார்கள், களத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். வாத்தியார் சம்மதித்தால் அவர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, ஒவ்வொரு விருத்தத்தையும் அவரையே பாடச் சொல்லி, ராகமும் தாளமும் அவர் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள்; ராத்திரிக் கூத்தில் எடுக்கும் பதிவில் மிருதங்கச் சத்தத்தில் சொல் அமுங்கிவிடும். குறைக்கும் ராத்திரிகள், நிறுத்த வேண்டிய வசனம், 12 மணிக்கு மைக் அணைப்பது, இந்த மூன்றையும் வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். வேஷம் கட்ட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முகம் எழுதிக்கொண்டிருக்கும் ஆளிடம் போய் நிகழ்ச்சியை மாற்றச் சொன்னால் அன்றைய கூத்து அப்போதே கெட்டுவிடும்.